மருந்தை நிறுத்திய மாதங்கள்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவரவருக்கு வாய்த்த அளவில் நலம், அங்கே நீ குறையேதும் இல்லாமல் முழு நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணமெல்லாம். வாரத்தில் பாதி நாள் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, பயப்படும்படி புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. போன் என்றால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவர் பிடுங்கி முடித்துவிடுகிறார், "எல்லாம் நல்லா இருக்கு, நீ மெதுவா வா, உன் ஸ்கூல் பிள்ளைங்க பேச்சுப் பயிற்சி கெட வேண்டாம்" என்று ஒரே பாட்டு. உனக்குச் சொல்ல வேண்டியது அந்த வழியாக வந்து சேரவே சேராது. இன்றைக்கு எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் மின்சார வேலை என்று மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்பா நடக்கப் போயிருக்கிறார், அதனால் உட்கார்ந்துவிட்டேன். துணி துவைக்கிற மெஷின் சுற்றும்போது இப்போதும் நடந்து வருகிறது. அதை ஒரு காலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மெஷினைத் திட்டு. எழுதும்போதே கண் சொக்குகிறது. தூக்கம் இல்லை இது, அலுப்பு. இந்த அலுப்பு படுத்தாலும் போவதில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்ததும், பதிப்பகத்து நாற்காலிதான் காரணம் என்று நாற்காலி மேல் நாற்காலியாக மாற்றிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். நாற்காலி மேல் தப்பில்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. புராஸ்டேட் சுரப்பியில் கட்டி, அது இடுப்பெலும்பு வரைக்கும் போயாயிற்று, முழுதாக எடுக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் அன்றே உன்னிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது, எந்த வைத்தியம் என்று நாங்கள் முடிவு செய்த கதையும் அதற்கப்புறம் நடந்ததும்தான். மறைக்க வேண்டும் என்று இல்லை, முதலில் இருந்து சொல்லத் தெம்பில்லை. என் வேலையில் இருந்து ஆரம்பித்தால்தான் அது உனக்குப் புரியும். நீ சின்ன வகுப்பில் "எங்கம்மா கேன்சருக்குக் கணக்குப் போடுறாங்க" என்று சொல்லப் போக, நான் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள் என்று உன் டீச்சர் நினைத்துக்கொண்டு தன் மாமனாருக்குத் தள்ளுபடி கிடைக்குமா என்று என்னைக் கேட்டாரே, நினைவிருக்கிறதா. அதன் பிறகு நீயும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கட்டி தனியாக வளர்வதில்லை, வாண்டு. அக்கம்பக்கத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டுதான் வளர்கிறது. ரத்தக் குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது, காவலுக்கு வருகிற செல்லை வாயடைக்க வைக்கிறது, எலும்பில் குடியேறினால் எலும்பையே கரைய வைத்து, கரைந்ததில் இருந்து வருவதைத் தனக்கு உரமாக்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமன்பாடுகளாக எழுதி, இந்த மருந்தை இப்படிக் கொடுத்தால் பின்னால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. அதில் இருந்து ஒரு யோசனை வந்தது, எங்களுக்கு மட்டும் வந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரே கட்டிக்குள் மருந்துக்குச் சாகிற செல்லும் உண்டு, சாகாத செல்லும் உண்டு, இரண்டுக்கும் இடமும் ஒன்று, சாப்பாடும் ஒன்று. தினமும் விடாமல் மருந்து கொடுத்தால் சாகிறதெல்லாம் செத்துவிடும், அப்புறம் சாகாததைக் கேட்பாரில்லை, ஆளில்லாத வீட்டில் புகுந்த மாதிரி அது பரவும். அதனால் கட்டி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற அளவு பாதியாகக் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது, சாகிற வகை மெல்ல வளர்ந்து மற்றதை நெருக்கி மூலையில் உட்கார வைக்கட்டும் என்று விட்டுவிடுவது, பழைய அளவு திரும்பி வந்ததும் மறுபடி மாத்திரை. இதில் குணம் என்பது கிடையாது, இழுத்துப் பிடிப்பதுதான். வழக்கமான வைத்தியத்தை விட இது மேலா என்று யாருக்கும் முடிவாகத் தெரியாது, அதனால்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் சம்மதிக்கிற நோயாளிகளை வைத்துச் சோதனையாக நடக்கிறது. அந்தச் சோதனையில் சேரத் தகுதி உள்ளவர் பட்டியலில் உன் அப்பா வந்து நின்றார்.

டாக்டரம்மா ரொம்ப நேர்மையானவர். "இவருக்கு ரெண்டு வழியும் தொறந்திருக்கு, ரெண்டையும் நான் விளக்கிச் சொல்றேன், ஆனா நீங்க வெளியில இருக்கணும், இது நீங்க போட்ட கணக்கு" என்று என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டார். தினமும் நான் நடக்கிற அதே வராந்தா, அதே தண்ணீர் மெஷின், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மற்ற பெண்டாட்டிகளோடு பெண்டாட்டியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும், உடுப்பு கூட மாற்றவில்லை, வழக்கமான வைத்தியமே போதும் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏன், உன் கணக்கு தப்பா?" என்றார். தப்பு என்று சொல்லவில்லை, உங்கள் மேல் அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்றேன். "மத்தவங்க மேல போட்டுப் பாக்கத் தைரியம் இருந்துச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு வாக்கியத்தில் சொல் இடம் மாறியிருந்தால் சுட்டிக்காட்டுவாரே அந்த மாதிரி சொன்னார். அந்த மற்றவர்கள் பக்கத்திலும் இப்படி ஒருத்தி உட்கார்ந்துதானே இருந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இந்தக் கணக்கை நம்பித்தானே இத்தனை வருஷம் நான் தனியா சாப்பிட்டேன், நானே தோசை... நானே முட்டை பொரிச்சுக்கிட்டேன், இப்ப மட்டும் நம்பக் கூடாதுன்னா எப்படி" என்று சிரித்தார். முட்டை பொரிப்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்கே தெரியும், பேச்சு மட்டும் தாராளம்.

மறுநாளே சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். மெய்ப்புப் பார்க்கிறவரிடம் காகிதம் கொடுத்தால் சும்மா கையெழுத்துப் போடுவாரா, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்க விளைவு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பக்கா விளைவு' என்று அச்சாகியிருந்ததாம். "இது ஒண்ணு மட்டும் உண்மையாத்தான் இருக்கும் போல, விட்டுடவா?" என்று என்னைக் கேட்டார். திருத்தியதைப் பார்த்து நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாராம், டாக்டரம்மா மட்டும் அப்படியே புதிதாக அச்சடிக்கச் சொல்லி, அதில்தான் கையெழுத்து வாங்கினார். இப்போது அந்தச் சோதனையில் சேருகிற எல்லாருக்கும் உன் அப்பா திருத்திய படிவம்தான்.

மாத்திரை ஆரம்பித்த மாதங்களை நான் உன்னிடம் போனில் பூசி மெழுகித்தான் சொன்னேன். ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடுகிற ஊசி எப்போதும் உண்டு, அதோடு மாத்திரையும் சேர்ந்தபோது மனிதர் ஆளே மாறிவிட்டார். உட்கார்ந்த இடத்தில் தூக்கம், திடீரென்று உடம்பெல்லாம் அனல், காரணமில்லாமல் எரிச்சல். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. படிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தை எடுத்தால் அதே வரியில் நின்றுகொண்டிருப்பார். தெருவில் நடந்தால் எதிர்த்த டயர் கடைப் பலகையில் இருந்து பஸ் மேல் எழுதியிருப்பது வரைக்கும் பிழை சொல்லிக்கொண்டே வருகிறவர், தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பதிப்பகத்துக்காரர் அனுப்பியிருந்த தாள் கட்டை ஒரு நாள் அவரே எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "படிச்சது எதுவும் தலையில நிக்க மாட்டேங்குது, கூலி வாங்கினா பாவம்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ஆனால் ரத்தத்தில் அந்த அளவு மட்டும் ஒழுங்காக இறங்கியது, பாதிக்கும் கீழே வந்தது, விதிப்படி மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா.

நிறுத்திய செய்தி கேட்டதும் உன் அத்தை முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டாள், லிஃப்ட் வேலை செய்கிறது என்று கூடக் கவனிக்கவில்லை. "அண்ணி, எரியிற வீட்டுல தண்ணி ஊத்துறதைப் பாதியில நிறுத்துவாங்களா? இது எந்த ஊர்க் கணக்கு? எங்கண்ணன் என்ன உங்களுக்கு எலியா?" என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். நான் சாகிற செல், சாகாத செல் என்று ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே வாய் ஓய்ந்துவிட்டது. அப்பாதான் உள்ளே இருந்து, "அவ என்னை எலியாக்கல, நானாத்தான் போய்ப் பொறியில உக்காந்தேன், நீ மொதல்ல தண்ணி குடி" என்றார். அத்தை தண்ணீர் குடித்தாள், சமாதானம் ஆகவில்லை. அவளைக் குற்றம் சொல்லாதே வாண்டு, அவள் கேட்டதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாத்திரை நின்று சில வாரத்தில் அப்பா திரும்பி வந்தார். திரும்பி வந்தார் என்றுதான் எழுத வருகிறது. முதலில் தூக்கம் குறைந்தது, அப்புறம் மேல்வீட்டு ஓய்வுபெற்ற பல் டாக்டர் கிளாரினெட் வாசிப்பதைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார், அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பதிப்பகத்துக்குப் போய் அதே தாள் கட்டை, அது வேறு யாரிடமும் போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டார். எழுதியவரோடு போனில் சண்டை கூடப் போட்டார். நீ அந்த நாட்களில்தான் "அப்பா குரல் நல்லா இருக்கே" என்றாய். நல்லாத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் அந்த அளவு ஏறிக்கொண்டே வந்தது. ஏறத்தான் வேண்டும், ஏற விடுவதுதான் வைத்தியமே, நோயாளிகளுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தில் 'இந்த ஏற்றம் எதிர்பார்த்ததே, கவலை வேண்டாம்' என்று எழுதியவளே நான்தான். அந்த வரியை எழுதியவளை அப்போது கண்டிருந்தால் அறைந்திருப்பேன்.

அப்பாவின் கணக்கை நான் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஏற்பாடு, என்னோடு வேலை செய்கிற தாடி மாமாவிடம்தான் அந்தப் பொறுப்பு. மாதக் கூட்டத்தில் எல்லா நோயாளிகளின் கோடுகளையும் திரையில் போடுவார்கள், பெயர் இருக்காது, வெறும் எண். அதில் ஒரு கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. சளிக் காய்ச்சலில் அப்பா ரத்தம் கொடுக்கப் போகாமல் விட்ட மாதம். அவ்வளவுதான், எது அவர் என்று தெரிந்துவிட்டது. கடைசிப் புள்ளியில் இருந்து இனி என்ன ஆகலாம் என்று விசிறி மாதிரி பல கோடுகள் பிரிந்து போகும், சிலது நீண்டு வருஷக்கணக்காகப் போகும், சிலது சீக்கிரமே செங்குத்தாக ஏறிவிடும். அந்த விசிறியை நான் எத்தனையோ பேருக்கு வரைந்திருக்கிறேன், இது நன்றாக இருக்கிறது, இது கொஞ்சம் அகலம் என்று பேனாவால் தட்டிப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் செங்குத்துக் கோட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். தாடி மாமா பின்னாலேயே வந்து, "மன்னிச்சிடுங்க, அந்தக் கோட்டை எடுத்திருக்கணும்" என்றார். எடுத்திருந்தால் எது இல்லை என்று தேடியிருப்பேன், விடுங்கள் என்றேன். அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது அவ்வளவு சுத்தமாக இல்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன். பழைய அளவு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க இதைக் கணக்குப் போட்டவங்களா கேக்குறீங்களா, வீட்டுக்காரம்மாவா கேக்குறீங்களா?" என்றார். வீட்டுக்காரியாகத்தான் என்றேன். "அப்ப சரி. கணக்குப் போட்டவங்க கேட்டிருந்தா நான் பயந்திருப்பேன். ஆனா உடம்பு அவரோடது. எப்ப வேணா சோதனையை விட்டு வெளிய வர அவருக்கு உரிமை இருக்கு. அவரு வந்து கேட்டா இந்த நிமிஷமே எழுதிக் கொடுக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். மேஜை முழுக்கத் தாள், காதில் சிவப்புப் பேனா. தலையைத் தூக்கி, "மேடம்" என்றார். அவர் என்னை மேடம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். "மேடம், நான் இப்பத்தான் ஒரு பக்கத்தை முழுசா படிக்கிறேன். இதையும் பிடுங்கிட்டு உயிரை மட்டும் வச்சு நான் என்ன பண்றது? உனக்குப் பயமா இருந்தா பயப்படு, அதுக்கு நான் ஏன் மாத்திரை சாப்பிடணும்?" என்று கத்தினார். நானும் விடவில்லை, இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது, நீங்கள் போனால் உங்களுக்கென்ன, மிச்சம் இருக்கப் போகிறவள் நான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. கிளாரினெட் கூட நின்றுவிட்டது. அதன் பிறகு பல நாள் எங்களுக்குள் பேச்சில்லை, அத்தை நடுவில் உட்கார்ந்து "அண்ணா, சாப்பாடு ஆயிடுச்சாம்", "அண்ணி, பசிக்கலையாம்" என்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நீ அப்போது போன் செய்து ஏன் இருவரும் தனித்தனியாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டாய், சிக்னல் சரியில்லை என்று சொன்னேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் என் அறை வாசலில் அப்பா நிற்கிறார், கையில் டிபன் டப்பா. என் அறை கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் சக்கரம்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறேனே, அவர் அங்கே வந்து எத்தனையோ வருஷம் இருக்கும். உட்காரக் கூட இல்லை, சுவரில் நான் சமன்பாடு எழுதுகிற பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னை இதுல காட்டு" என்றார். உங்கள் கணக்கைக் காட்ட எனக்கு அனுமதியில்லை, பொதுவாக வேண்டுமானால் சொல்கிறேன் என்று அந்த விசிறியைக் கையால் வரைந்தேன். எலும்பைக் கட்டி எப்படிக் கரைக்கிறது, எலும்பு எப்படிக் கட்டிக்கு உரமாகிறது என்று என் பங்குச் சமன்பாட்டையும் காட்டினேன். "அப்ப என் எலும்பே எனக்கு எதிரா வேலை பாக்குதா, கூலி யாரு கொடுக்குறா?" என்றார். பிறகு விசிறியைக் காட்டி, "இதுல நான் எந்தக் கோடுன்னு உனக்கே தெரியாது, இல்ல?" என்று கேட்டார். தெரியாது என்றேன். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன், வாண்டு. இருபது வருஷம் படித்து, எழுதி, பேசி, கடைசியில் உன் அப்பா கேட்டபோது என்னிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். "தெரியாதுன்னா நல்ல கோடாவும் இருக்கலாம்ல. மூஞ்சியை ஏன் மோசமான கோட்டுக்கே வச்சிருக்க? வா, ஆறிப் போகுது" என்றார். வண்டிகளுக்கு நடுவில் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பொரித்த முட்டைதான். உப்பு அதிகம்.

அந்த முதல் நிறுத்தம் எங்கள் கணக்கு சொன்னதை விடக் கொஞ்சம் நீளமாகவே ஓடியது, நல்ல செய்தி. அளவு பழைய இடத்துக்கு வந்தது, மாத்திரை மறுபடி ஆரம்பித்தது, அவர் மறுபடி தூக்கத்துக்குள் போனார். நீ வீடியோவில் பார்த்து "அப்பா ஏன் இப்படி வாடிட்டார்" என்று அழுதாயே, அது அப்போது. இப்போது மறுபடி அளவு பாதிக்கு இறங்கி, போன மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை இறங்க முதல் தடவையை விட அதிக நாள் பிடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சாகாத வகை முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மூலையில் இருந்து ஒரு அடி நகர்ந்து வந்திருக்கிறது. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். அப்பாவும் கேட்டார், சமையலறையில் நான் குழாய் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது, திருகியைப் பிடித்துக்கொண்டே கேட்டார், "அப்ப இந்த இடைவெளி மொதல்ல வந்ததை விடச் சின்னதா இருக்கும், இல்லையா?" இருக்கலாம் என்றேன். "சரி, அப்ப மெய்ப்புக்கு வந்திருக்கிற அந்தத் தச்சு வேலைப் புத்தகத்தை மொதல்ல முடிச்சிடணும், ரொம்பத் தடி" என்றார். உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அந்தப் பிள்ளைங்க இப்பத்தான் வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை சொல்ல ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னா. நடுவுல விட்டுட்டு வந்தா மறந்துடும். வருஷக் கடைசியில வரட்டும்" என்றார்.

வருஷக் கடைசியில் அவர் அநேகமாக மறுபடி மாத்திரையில் இருப்பார். அதைத்தான் போனில் சொல்ல முடியாமல் இத்தனை பக்கம் எழுதினேன். நீ ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரு எண் கேட்கிறாய், இன்னும் எத்தனை வருஷம் அம்மா, உனக்குத் தெரியாதா என்று. கேட்காதே என்று சொல்லவில்லை, என்னிடம் எண் இல்லை, விசிறிதான் இருக்கிறது, அதை உனக்கு அனுப்பினால் நீயும் என்னைப் போல ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இந்த மாதமும் அடுத்த மாதமும் அவர் அவராக இருப்பார். பலகைகளில் பிழை கண்டுபிடிப்பார், உன்னோடு சண்டை போடுவார், உன் கூட அந்த ஆற்றுப் பாலம் வரைக்கும் நடப்பார். உன் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை மறக்க மாட்டார்கள், மறந்தாலும் நீ திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பாய், கெட்டிக்காரி. தலைமை ஆசிரியையிடம் வெட்கப்படாமல் லீவு கேள், காரணத்தையும் சொல். படுக்கையில் கிடக்கும்போது பார்க்க வர எல்லாரும் லீவு கொடுப்பார்கள், நன்றாக இருக்கும்போது பார்க்கப் போகிறேன் என்றால்தான் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நான் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லாதே, சும்மா வரத் தோன்றியது என்று சொல், நம்ப மாட்டார், பரவாயில்லை.

வரும்போது எங்களுக்கென்று எதுவும் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே வைக்க இடமில்லை. போன தடவை விட்டுப்போன உன் கம்பளிச் சட்டை அலமாரியில் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன். அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா, மேல்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாசிப்புதான் மோசம், பல் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும். நின்றுகொண்டே சாப்பிடாதே. குளிரில் தலையை மூடிக்கொள். அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவள் முழங்கால் பரவாயில்லை, இப்போது லிஃப்டில் வருகிறாள், வந்து பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள், எலி என்று இப்போது யாரையும் சொல்வதில்லை. உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் எந்நாளும் வாய்க்கட்டும், தொட்டதெல்லாம் துலங்கட்டும். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியை மட்டும் எனக்கு மெசேஜ் போடு, வேறொன்றும் எழுத வேண்டாம்.

படியில் அப்பா வருகிற சத்தம் கேட்கிறது, யாரோடோ பேசிக்கொண்டே வருகிறார், முடிக்கிறேன். இத்தனை நேரமும் அவருக்காக வா என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான், ஆனால் முழுசும் அது இல்லை. காலையில் எழுந்து காபி போட்டுக் கொடுத்து, என்னை ஒன்றும் கேட்காமல், ஒரு நாள் முழுக்க இந்த வீட்டை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் நான் அந்தப் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். எனக்காகவும் வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா